பன்னிரண்டு வோல்ட் படகு: புது ஒயரிங் போடுவதற்கு முன் புரிந்துகொள்ள வேண்டியவை

சிறு மோட்டார் படகு வைத்திருப்பவர்கள் கூடிப் பேசும் இடத்தில் ஒயரிங் பேச்சு வந்தால் மூன்று பேச்சுகள் தவறாமல் காதில் விழும். "பன்னிரண்டு வோல்ட்தானே, எந்த ஒயர் போட்டா என்ன?" "ஃபியூஸ் அடிக்கடி போகுதா? ஒரு சைஸ் பெரிசா போட்டுடு." "மீட்டர்ல பன்னிரண்டரை காட்டுது, கரண்ட் நல்லாத்தான் வருது, பம்புதான் போயிடுச்சு." மூன்றையும் அனுபவசாலிகளே சொல்கிறார்கள், நம்பிக்கையோடு சொல்கிறார்கள். மூன்றும் தவறு. அதிலும் இரண்டாவது பேச்சு படகையே எரித்துவிடக் கூடியது.

இவை ஏன் தவறு என்பது புரிந்துவிட்டால், பழைய ஒயரிங்கைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடும் வேலையில் முக்கால்வாசி முடிவுகளை நீங்களே எடுத்துவிடலாம். அதற்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை, பெருக்கல் தெரிந்தால் போதும். இங்கே பேசுவது 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறு படகைப் பற்றி மட்டும். கரையிலிருந்து 230 வோல்ட் இணைப்பு எடுக்கும் படகு என்றால் அந்தப் பகுதியைத் தகுதியுள்ள மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள். அது உயிரை எடுக்கும் அழுத்தம்.

தொட்டியும் குழாயும்

மொட்டைமாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து ஒரு குழாய் கீழே இறங்கி, முனையில் ஒரு திருகில் முடிகிறது. தொட்டி உயரத்தில் இருப்பதால் குழாயில் உள்ள தண்ணீருக்கு அழுத்தம் இருக்கிறது. திருகைத் திறந்தால் தண்ணீர் ஓடுகிறது. குழாய் ஒல்லியாக இருந்தாலோ, நீளமாக இருந்தாலோ, உள்ளே உப்பு படிந்து அடைத்திருந்தாலோ ஓட்டம் குறைகிறது.

மின்சாரத்திலும் இந்த மூன்றுதான். தள்ளும் அழுத்தத்துக்கு மின்னழுத்தம் என்று பெயர், அதை வோல்ட்டில் அளக்கிறோம். ஓடும் அளவு மின்னோட்டம், அலகு ஆம்பியர். ஓட்டத்தை எதிர்ப்பது மின்தடை, அலகு ஓம். இம்மூன்றுக்கும் உள்ள உறவை ஜெர்மானியரான ஓம் 1827இல் வெளியிட்டார். நமக்கு வேண்டிய வடிவத்தில் அது இப்படி: ஒரு ஒயரிலோ இணைப்பிலோ இழக்கப்படும் வோல்ட் என்பது, அதில் ஓடும் ஆம்பியரை அதன் ஓமால் பெருக்கினால் வருவது. இந்தக் கட்டுரையின் கணக்கு முழுவதும் இந்த ஒரு பெருக்கலிலேயே நிற்கிறது.

தொட்டி உவமை ஓரிடத்தில் உதவாது. குழாய் உடைந்தால் தண்ணீர் வெளியே கொட்டும். ஒயர் அறுந்தால் மின்சாரம் கொட்டாது, ஓட்டமே நின்றுவிடும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து கிளம்பிய மின்னோட்டம் விளக்கையோ பம்பையோ கடந்து நெகட்டிவ் முனைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். முழுதாக மூடிய அந்த வழிக்குச் சுற்று என்று பெயர். திரும்பும் வழி, போகும் வழிக்குச் சமமாக முக்கியம். படகில் வரும் பழுதுகளைத் தேடுபவர்கள் சிவப்பு ஒயரையே திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருக்க, நெகட்டிவ் பக்கத்துப் பச்சைப் பூத்த ஒரு திருகு கவனிப்பாரின்றி இருக்கும்.

12 வோல்ட் ஏன் வீட்டு மின்சாரத்தைவிடச் சங்கடமானது

ஒரு சாதனம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்குத் திறன் என்று பெயர், அலகு வாட். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். இப்போது ஒரே 60 வாட் விளக்கை இரண்டு இடங்களில் எரிய விடுங்கள். 230 வோல்ட்டில் அதற்கு கால் ஆம்பியருக்குச் சற்று மேல் போதும். 12 வோல்ட்டில் அதே வெளிச்சத்துக்கு 5 ஆம்பியர் வேண்டும், அதாவது ஏறத்தாழ 19 மடங்கு.

ஒயரில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 19 மடங்கு மின்னோட்டம் ஒரே ஒயரில் ஓடினால் வெப்பம் 350 மடங்குக்கும் மேல். "பன்னிரண்டு வோல்ட்தானே" என்பது இங்கேதான் தலைகீழாகிறது. வோல்ட் குறைவு என்பதால் தொட்டால் ஷாக் அடிக்காது, உண்மை. ஆனால் அதே காரணத்தால் ஆம்பியர் அதிகம், ஆகவே ஒயர் தடிமனாக இருக்க வேண்டும், இணைப்புகள் இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும். வீட்டில் அரை வோல்ட் வழியில் தொலைந்தால் யாருக்கும் தெரியாது. படகில் அரை வோல்ட் போனால் மொத்தத்தில் நான்கு சதவீதம் போயிற்று.

பேட்டரிக்கும் விளையாட இடம் அதிகமில்லை. ஈய-அமிலப் பேட்டரி முழுக்க ஏறி, சில மணி நேரம் ஓய்வில் இருந்தபின் சுமார் 12.7 வோல்ட் காட்டும். 12.2 காட்டினால் பாதி தீர்ந்துவிட்டது. நிறைந்ததற்கும் பாதிக்கும் இடையே அரை வோல்ட்டுதான். ஒல்லி ஒயர் தின்னும் அரை வோல்ட், பாதி தீர்ந்த பேட்டரியைப் போலவே உங்கள் பம்பை உணர வைக்கும்.

போய் வரும் தூரம்

ஒயரைத் தேர்ந்தெடுக்க இரண்டு கேள்விகள் உண்டு. எவ்வளவு மின்னோட்டம் வரை சூடாகி உருகாமல் தாங்கும் என்பது முதல் கேள்வி. அந்த எல்லைக்குத் தாங்குதிறன் என்று பெயர், ஒயர் தயாரிப்பவரின் அட்டவணையில் இருக்கும். என்ஜின் அறையின் சூட்டில் அது குறையும் என்பதையும் அட்டவணையே சொல்லும். இரண்டாவது கேள்வி, மறுமுனைக்கு எத்தனை வோல்ட் போய்ச் சேரும் என்பது. வழியில் தொலைவதை மின்னழுத்த இழப்பு என்பார்கள். 12 வோல்ட் படகில் பெரும்பாலும் இரண்டாவது கேள்விதான் ஒயரின் தடிமனை முடிவு செய்கிறது. சூடே ஆகாத ஒயர்கூட வெளிச்சத்தைப் பாதியாக்கிவிட முடியும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். படகின் முன்முனையான அணியத்தில் 60 வாட் விளக்கு, 5 ஆம்பியர். ஃபியூஸ் பலகையிலிருந்து அணியம் 6 மீட்டர். இங்கே நிறையப் பேர் 6 மீட்டருக்குக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும், எனவே ஒயரின் நீளம் 12 மீட்டர்.

ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செம்பு ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.017 ஓம் மின்தடை. 12 மீட்டருக்கு 0.2 ஓம். அதை 5 ஆம்பியரால் பெருக்கினால் 1 வோல்ட், அதாவது எட்டு சதவீதத்துக்கு மேல். இழை பல்பு என்றால் இழப்பு இன்னும் கொடுமை, ஏனெனில் இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டைவிடப் பல மடங்கு வேகமாக விழும். பத்து சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் போய்விடும். நம் உதாரணத்தில் கால் பங்கு வெளிச்சம் ஒயரிலேயே போயிற்று. அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.26 வோல்ட், இரண்டு சதவீதத்தை ஒட்டி.

எவ்வளவு இழப்பு வரை பொறுக்கலாம்? அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சி, வழிகாட்டு விளக்குகள், மின்னணுக் கருவிகள் போன்ற முக்கியச் சுற்றுகளுக்கு 3 சதவீதம், மற்றவற்றுக்கு 10 சதவீதம் என்று எல்லை வைத்திருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். வழிகாட்டு விளக்கு விஷயத்தில் தாராளம் காட்டாதீர்கள். சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி 12 மீட்டருக்குக் குறைவான படகின் பக்க விளக்குகள் ஒரு கடல் மைல் தூரத்திலும், பின்விளக்கு இரண்டு கடல் மைல் தூரத்திலும் தெரிய வேண்டும். ஒல்லி ஒயரின் மறுமுனையில் மங்கி எரியும் பல்பு, படகுத்துறையில் நின்று பார்க்கும்போது நன்றாக எரிவதாகவே தோன்றும். ஒரு மைலுக்கு அப்பால் இருளில் வரும் இன்னொரு படகுக்குத் தெரியாது. எல்இடிக்கு மாறினால் மின்னோட்டம் மிகவும் குறைந்து இந்தச் சிக்கல் பெருமளவு கரைந்துவிடும். வாங்கும்போது அது வழிகாட்டு விளக்காகச் சான்று பெற்றதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

திரும்பும் வழி பற்றி ஒரு எச்சரிக்கை. காரில் நெகட்டிவ் ஒயருக்குப் பதிலாக வண்டியின் இரும்பு உடலையே பயன்படுத்துவார்கள். அந்தப் பழக்கத்தோடு வருபவருக்கு அலுமினியப் படகில் அதையே செய்யத் தோன்றும். கூடவே கூடாது. தண்ணீரில் நிற்கும் உலோக உடல் வழியாக மின்னோட்டம் ஓடினால் உலோகம் கரைந்து தண்ணீரோடு போகும். ஒவ்வொரு சாதனத்துக்கும் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு ஒயர்.

இதுவரை சொன்னதன் சாரம்: வோல்ட் குறைவு, ஆகவே ஆம்பியர் அதிகம். ஆம்பியர் அதிகம், ஆகவே வழியில் உள்ள ஒவ்வொரு சிறு மின்தடையும் வோல்ட்டைத் தின்கிறது. ஒயரின் தடிமனை மின்னோட்டத்தையும் போய் வரும் தூரத்தையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மீட்டர் காட்டும் 12.6

இப்போது மூன்றாவது பேச்சுக்கு வருவோம். படகுக்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான், ஆகையால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பம்ப் ஓடவில்லை. பம்புக்கு வரும் இரண்டு ஒயரையும் கழற்றி, மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறீர்கள். 12.6 வோல்ட். கரண்ட் வருகிறது, ஆகவே பம்ப் பழுது என்று முடிவு கட்டிப் புதுப் பம்ப் வாங்குகிறீர்கள். அதுவும் ஓடவில்லை.

தொட்டிக்குத் திரும்புங்கள். குழாயின் நடுவில் உப்பு படிந்து ஊசித்துளை அளவுக்கு அடைத்திருக்கிறது. கீழே திருகு மூடியிருக்கிறது. திருகுக்குப் பக்கத்தில் அழுத்தமானியை வைத்தால் என்ன காட்டும்? முழு அழுத்தத்தையும் காட்டும். தண்ணீர் ஓடாதபோது அடைப்பு இருப்பது தெரியவே தெரியாது. திருகைத் திறந்தால்தான் சொட்டுச் சொட்டாக வரும், அழுத்தமானியும் விழும்.

மல்டிமீட்டர் செய்வதும் இதைத்தான். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை சுமார் ஒரு கோடி ஓம். அது சுற்றிலிருந்து ஏறக்குறைய எதையுமே இழுப்பதில்லை. வழியில் உப்புப் பூத்த இணைப்பு ஒன்று 1 ஓம் தடையோடு இருந்தாலும், மீட்டர் இழுக்கும் அணுவளவு மின்னோட்டத்துக்கு அங்கே இழப்பு வோல்ட்டின் பத்துலட்சத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். அதனால் திரையில் 12.6. ஆனால் பம்ப் 4 ஆம்பியர் இழுக்க முயலும்போது அதே 1 ஓமில் 4 வோல்ட் விழுகிறது. மிச்சம் எட்டரை வோல்ட்டில் பம்ப் முனகுகிறது, அல்லது அசையவே இல்லை. தொலைந்த 4 வோல்ட் எங்கே போயிற்று? 4 ஆம்பியரால் பெருக்குங்கள், 16 வாட். அந்தச் சின்ன இணைப்பு 16 வாட் அடுப்பாக மாறிவிட்டது. ஒயர் முனையில் பிளாஸ்டிக் பழுப்பேறியிருப்பதைப் பார்த்திருந்தால், அதன் காரணம் இதுவே.

ஆகவே ஓடும் நிலையில் அளக்க வேண்டும். சாதனத்தைக் கழற்றாமல், சுவிட்சைப் போட்டு, அது வேலை செய்ய முயன்றுகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் மற்றதைப் பம்பின் பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள். இரண்டும் ஒரே பக்கம் என்பதால் சுத்தமான ஒயராக இருந்தால் சுழியத்தை ஒட்டிக் காட்டும். 2 வோல்ட் காட்டினால் அந்த 2 வோல்ட் பாசிட்டிவ் பக்கத்து ஒயரில் தொலைந்திருக்கிறது. இதேபோல நெகட்டிவ் பக்கமும். இரண்டையும் கூட்டினால் மொத்த இழப்பு.

எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிப்பதும் எளிது. பேட்டரி முனையில் இருக்கும் முள்ளை அப்படியே வைத்துவிட்டு, மற்ற முள்ளைப் பம்பிலிருந்து பேட்டரியை நோக்கி ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் நகர்த்துங்கள். ஃபியூஸின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், சுவிட்சின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். எந்த இணைப்பைத் தாண்டியதும் எண் சட்டென்று விழுகிறதோ, குற்றவாளி அந்த இணைப்பு. முழுப் படகையும் பிரிக்காமல் பத்து நிமிடத்தில் பழுது தெரிந்துவிடும். பழைய ஒயரிங்கை மாற்றத்தான் வேண்டுமா என்று தயங்குபவர்களும் முதலில் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். சில நேரம் மூன்று இணைப்பைப் புதுப்பித்தாலே போதுமானதாக இருக்கும்.

ஃபியூஸ் யாருக்குக் காவல்

ஃபியூஸ் என்பது குறிப்பிட்ட அளவுக்கு மேல் மின்னோட்டம் ஓடினால் உருகிச் சுற்றை அறுத்துவிடும் சிறு உலோக இழை. விளக்கையும் பம்பையும் காப்பாற்றவே அது இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது முதன்மையாகக் காப்பாற்றுவது ஒயரை.

பாசிட்டிவ் ஒயரின் இன்சுலேஷன் எங்கோ உராய்ந்து நெகட்டிவைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். நடுவில் விளக்கு, பம்ப் எதுவும் இல்லை. இதுதான் ஷார்ட் சர்க்யூட். என்ஜினை முடுக்கும் அளவுள்ள பேட்டரியின் உள்தடை ஓமின் ஆயிரத்தில் சில பங்குதான், ஆகவே அது நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கண நேரத்தில் தள்ளும். ஒயர் சிவக்கச் சூடாகி, மேலே உள்ள பிளாஸ்டிக் பற்றிக்கொள்ளும். அந்த ஒயர் பக்கத்து ஒயர்களோடு கட்டாகச் சேர்ந்து ஓடுவதால் தீ கட்டு முழுவதும் பரவும். கடலில் தீப்பிடித்தால் ஓடி ஒதுங்க இடமில்லை.

இதிலிருந்து ஃபியூஸின் அளவு தானே வந்துவிடுகிறது. சாதனம் வழக்கமாக இழுப்பதைவிடக் கூடுதலாகவும், ஒயரின் தாங்குதிறனைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். சாதனம் 5 ஆம்பியர், ஒயர் 15 ஆம்பியர் தாங்கும் என்றால் 7.5 அல்லது 10 ஆம்பியர் ஃபியூஸ். சாதனத்தின் தயாரிப்பாளர் ஓர் அளவைக் குறிப்பிட்டிருந்தால் அதுவே. ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்று அங்கே 30 ஆம்பியரைச் செருகினால், அடுத்த முறை ஃபியூஸ் பிழைத்துக்கொள்ளும், 15 ஆம்பியர் ஒயர் எரியும். ஃபியூஸ் போவது ஒரு செய்தி: பம்பின் சக்கரத்தில் குப்பை சிக்கியிருக்கலாம், ஒயர் எங்கோ உராயலாம். செய்தியைக் கேட்டுக் காரணத்தைத் தேட வேண்டும்.

எங்கே வைப்பது? மின்சாரம் கிளம்பும் இடத்துக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு அருகில். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள ஒயரை அந்த ஃபியூஸ் காக்க முடியாது என்பதால். ஏபிஒய்சி விதிப்படி அந்தத் தூரம் 7 அங்குலம், அதாவது 18 சென்டிமீட்டருக்குள். ஒயர் முழுவதும் உறைக்குள் போனால் இன்னும் சற்று நீள அனுமதி உண்டு. நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடிய ஸ்டார்ட்டர் கேபிளுக்கு மட்டும் அந்த விதி விலக்கு அளிக்கிறது. வழியில் தடித்த ஒயரிலிருந்து ஒல்லி ஒயர் பிரியும் இடத்தில், அந்த ஒல்லி ஒயருக்கென்று தனி ஃபியூஸ் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

உப்பும் அதிர்வும்

வீட்டு ஒயரிங் சுவருக்குள் அசையாமல், உலர்ந்து கிடக்கிறது. படகு ஒயரிங் நாள் முழுக்க அதிர்கிறது, உப்புக் காற்றில் நனைகிறது. ஒரே ஒற்றைக் கம்பியாக உள்ள வீட்டு ஒயர் அதிர்வில் வளைந்து வளைந்து கடினமாகி, ஒரு நாள் இன்சுலேஷனுக்குள்ளேயே முறிந்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. எனவே பல மெல்லிய இழைகளை முறுக்கிய ஒயர் வேண்டும்.

இழை ஒயருக்கும் ஒரு பலவீனம் உண்டு. இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் ஈரம் ஏறிக்கொண்டே போகும். பழைய ஒயரை நறுக்கிப் பாருங்கள், முனையிலிருந்து வெகுதூரம் வரை செம்பு கறுத்திருக்கும். கறுத்த செம்பில் எந்த இணைப்பும் நிலைக்காது. ஒவ்வோர் இழையிலும் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் இதை நன்றாக எதிர்க்கும். விலை கூடுதல்தான், ஆனால் ஒயரிங்கில் காசு செலவழிக்கத் தகுந்த முதல் இடம் இது என்பேன்.

இணைப்புகளுக்குக் கிரிம்ப் முறைதான் சரி. ஒயர் முனையை உலோகக் குழலுள்ள ஒரு முனையில் நுழைத்து, அதற்கென்ற கருவியால் நசுக்கி இரண்டையும் ஒன்றாக்குவது கிரிம்ப். நசுக்கப்படும் உலோக முனைக்கு லக் என்று பெயர். சால்டர் செய்தால் இன்னும் பலம் என்று வாதிடுபவர்கள் உண்டு. சால்டர் ஒயருக்குள் ஏறிச் சிறிது தூரத்தைக் கட்டையாக்கிவிடும், கட்டைப்பகுதி முடிந்து நெகிழ்பகுதி தொடங்கும் அந்த ஓரத்தில் அதிர்வு முறித்துவிடும். இணைப்பு அதிகச் சூடானால் சால்டரே உருகி ஒயர் கழன்று விழும். ஏபிஒய்சியும் சால்டரை மட்டுமே பிடிமானமாக நம்பக் கூடாது என்கிறது. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது பற்றிப் பேசவே வேண்டாம்.

கிரிம்ப் கருவி முழுதாக அழுத்தும் வரை விடுபடாத ராட்செட் வகையாக இருக்கட்டும், சாதாரணக் குறடு போதாது. லக் வளைய வடிவில் இருந்தால் திருகு தளர்ந்தாலும் கழன்று விழாது. மேலே, சூடாக்கினால் சுருங்கி, உள்ளே பசை உருகி ஒட்டும் குழாயைப் போட்டால் ஈரம் நுழையாது. ஒவ்வொரு இணைப்பையும் செய்து முடித்தவுடன் பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்றால் இப்போதே கழலட்டும்.

ஒயர்களை ஏறத்தாழ 45 சென்டிமீட்டருக்கு ஒருமுறை பிடித்துக் கட்டுங்கள். தடுப்புப் பலகைத் துளைகளில் ரப்பர் வளையம் போடுங்கள். திசைகாட்டிக்கு அருகில் போகும் ஒயர்களைப் போகும் ஒயரும் வரும் ஒயருமாக ஜோடியாக முறுக்கிவிடுங்கள், ஏனெனில் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலம் முள்ளைத் திருப்பிவிடும். எதிரெதிராக ஓடும் இரண்டும் முறுக்கியிருந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

பேட்டரியிலிருந்து விளக்கு வரை

இப்போது முழுச் சுற்றையும் ஒருமுறை நடந்து பார்க்கலாம். பேட்டரி பாசிட்டிவிலிருந்து தடித்த கேபிள் முதன்மை ஃபியூஸுக்கு வருகிறது. அங்கிருந்து முதன்மை சுவிட்சுக்கு. படகை விட்டுப் போகும்போது அணைப்பது இதைத்தான். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் இதைத் தொடாதீர்கள். சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பேட்டரியிலிருந்து திடீரென்று பிரிந்தால், அதில் எழும் அதிக மின்னழுத்தம் அதன் டையோடுகளைக் கெடுத்துவிடலாம்.

முதன்மை சுவிட்சிலிருந்து ஃபியூஸ் பலகை. அங்கே ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி ஃபியூஸ், தனி ஒயர். திரும்பி வரும் நெகட்டிவ் ஒயர்கள் எல்லாம் ஒரு செம்புப் பட்டையில் வந்து சேர்கின்றன. பல ஒயர்களைத் திருகுகளால் சேர்க்கும் அந்தப் பட்டைக்குப் பஸ்பார் என்று பெயர். அங்கிருந்து ஒரே ஒரு தடித்த கேபிள் பேட்டரி நெகட்டிவுக்கு. பழைய படகுகளில் பேட்டரி முனையிலேயே ஏழெட்டு லக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். வருடந்தோறும் யாரோ ஒரு புதுக் கருவியைச் சேர்த்ததன் விளைவு. ஒரு திருகில் நான்கு லக்குக்கு மேல் வேண்டாம்.

பாசிட்டிவுக்குச் சிவப்பு, நெகட்டிவுக்கு மஞ்சள் அல்லது கறுப்பு என்பது ஏபிஒய்சி நிறமுறை. 230 வோல்ட் ஒயரிங்கும் உள்ள படகில் கறுப்பு குழப்பம் தரும் என்பதால் மஞ்சள் மேல். ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் பெயர்ச்சீட்டு ஒட்டி, முழு வரைபடத்தையும் ஒரு தாளில் வரைந்து படகிலேயே வையுங்கள்.

பில்ஜ் பம்பும் பெட்ரோல் ஆவியும்

படகின் அடியில் கசிவு நீர் சேரும் பள்ளத்துக்குப் பில்ஜ் என்று பெயர். நீர் ஏறியதும் தானே ஓடித் தண்ணீரை வெளியேற்றும் பம்ப், முதன்மை சுவிட்சுக்கு முன்னாலேயே பிரிந்து தனி ஃபியூஸோடு பேட்டரியில் சேர வேண்டும். ஏனெனில் நீங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனபின், இரவெல்லாம் மழை பெய்யும்போதுதான் அந்தப் பம்பு தேவை. அதன் ஒயர் இணைப்புகள் பில்ஜ் நீருக்கு மேலே உயரத்தில் இருக்கட்டும். நீரில் மூழ்கிய பாசிட்டிவ் இணைப்பு பச்சையாகக் கரைவதோடு, கசியும் மின்னோட்டத்தால் பக்கத்திலுள்ள உலோகப் பாகங்களையும் அரித்துவிடும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, ஆகவே பில்ஜில்தான் இறங்கித் தேங்கும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றைவிட லேசானது, மேலே போய்த் தேங்கும். பெட்ரோல் என்ஜின் அறையிலும் பெட்ரோல் தொட்டி இருக்கும் அறையிலும் தீப்பொறி வெளியே வராதபடி மூடப்பட்ட சுவிட்ச், பம்ப், ஃபியூஸ் தாங்கி மட்டுமே இடம்பெறலாம். பேட்டரிப் பெட்டிக்கு மேற்பக்கம் காற்றோட்டம் வேண்டும்.

வேலையின் வரிசை

கையில் உள்ள மோதிரம், உலோகக் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பேட்டரி முனையில் அவை குறுக்கே பட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்து தோலைச் சுட்டுவிடும். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். நெகட்டிவ் கழன்றிருந்தால், பாசிட்டிவ் திருகைத் தளர்த்தும்போது ஸ்பேனர் தவறி என்ஜினைத் தொட்டாலும் சுற்று முழுமையடையாது, பொறி பறக்காது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் உருவி எறிந்துவிட்டுத் தொடங்க வேண்டாம். ஒரு சுற்றை எடுத்து, பழையதைக் கழற்றி, புதியதைப் போட்டு, ஓட விட்டு மின்னழுத்த இழப்பை அளந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பில்ஜ் பம்பிலிருந்து தொடங்கி, அடுத்து வழிகாட்டு விளக்குகள், பின்னர் மற்றவை என்பது என் விருப்ப வரிசை. அளந்த எண்ணை வரைபடத் தாளில் அந்தச் சுற்றின் பக்கத்திலேயே எழுதுங்கள். முதல் சில பயணங்களுக்குப் பிறகு எல்லாத் திருகுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், அதிர்வில் சில தளர்ந்திருக்கும். அடுத்த ஆண்டு மறுபடி அளக்கும்போது 0.2 வோல்ட்டாக இருந்த இழப்பு 0.6 ஆகியிருந்தால், பம்ப் நிற்பதற்கு முன்பே எந்தச் சுற்றைத் திறக்க வேண்டும் என்று தாள் காட்டிவிடும்.